உழவு இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் நம்பத்தக்க பிறேக்

தீவகக் கமக்காரருக்கான குறிப்புகள்

முகவுரை

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய நமது தீவகப் பகுதிகளில் மலையுமில்லை, பெரிய இறக்கமுமில்லை. ஆதலின் நல்ல பிறேக் மலைநாட்டாருக்கே வேண்டியது, நமக்கு அத்துணை அவசியமன்று என எண்ணுவோர் பலர். இவ்வெண்ணம் பிழையானது. நிலம் சமதரையாயிருப்பதாலேயே நாம் இயந்திரத்தை விரைவாக ஓட்டுகிறோம். நெல் மூடைகளையும் எருவையும் வைக்கோலையும் ஒரே பயணத்தில் கொண்டுசென்றுவிடலாமென்று பெட்டியில் மிகுதியாகப் பாரம் ஏற்றுகிறோம். நமது தாம்போதிகளிலோ இருபுறமும் கடல். எதிரே துவிச்சக்கரவண்டியில் ஒரு பள்ளிப் பிள்ளை தடுமாறி விழுந்தால் விலகிச் செல்ல அங்கே இடமில்லை. நிறுத்துவது ஒன்றே வழி.

பிறேக் என்பது தடுப்பு. ஓடும் சில்லைத் தடுத்து நிறுத்தும் கருவி அது. உழவு இயந்திரம் வயலில் மெதுவாக நடந்து உழுவதற்கெனச் செய்யப்பட்டது. அதன் பிறேக்கும் அந்த வேலைக்கு ஏற்றவாறே அமைந்தது. அதே இயந்திரத்தின் பின்னால் தன்னிலும் பாரமான ஒரு பெட்டியைக் கொளுவித் தெருவில் ஓட்டும்போது அந்தப் பிறேக் போதாது. ஆகவே இயந்திரத்தின் பிறேக்கைச் செவ்வையாக வைத்திருப்பதோடு பெட்டிக்கும் தனியாகப் பிறேக் இடுதல் வேண்டும். இதுவே இப்பிரசுரம் வற்புறுத்தும் செய்தியாகும்.

1. வேகமும் பாரமும் நிறுத்தத்தை மாற்றும் விதம்

ஓடும் வண்டியிடம் ஒரு சக்தி உண்டு. பிறேக் அந்தச் சக்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றி வெளியேற்றுகிறது. நீண்ட தூரம் ஓட்டிய பின்னர் பிறேக் ட்றம் சுடுவது இதனாலேயே.

இச்சக்தி வேகத்தோடு ஒரே அளவாக வளர்வதில்லை. வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். நிற்பதற்கு வேண்டிய தூரமும் நான்கு மடங்காகும். நல்ல பிறேக்குள்ள நான்கு சில்லு இயந்திரம் ஒன்று, பெட்டியில்லாமல், செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 14 கிலோமீற்றர் அளவில் செல்வதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 3 மீற்றர் தூரத்தில் நிற்கும். செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 29 கிலோமீற்றர் அளவில் சென்றால், நிற்க 13 மீற்றர் வேண்டும்.

இப்போது பாரத்தைச் சேர்த்துப் பார்ப்போம். இயந்திரத்தின் நிறை 1,800 கிலோகிராம். பெட்டியும் அதிலுள்ள பாரமும் சேர்ந்து 3,000 கிலோகிராம் எனக் கொள்க. 65 கிலோகிராம் நெல் மூடைகள் முப்பதை ஏற்றினாலே ஏறத்தாழ 2,000 கிலோகிராம் ஆகிவிடுகின்றது. ஆதலால் இது மிகைப்படுத்திய கணக்கன்று. பெட்டிக்குப் பிறேக் இல்லையெனில் 1,800 கிலோகிராம் இயந்திரத்தை நிறுத்தும் பிறேக்கே 4,800 கிலோகிராமையும் நிறுத்தவேண்டும். நிற்கும் தூரம் இரண்டரை மடங்குக்கு மேலாக நீளுகின்றது.

செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில்: இயந்திரம் மட்டும் 3 மீற்றர், பாரமேற்றிய பெட்டியுடன் 8½ மீற்றர்.

செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில்: இயந்திரம் மட்டும் 13 மீற்றர், பாரமேற்றிய பெட்டியுடன் 34 மீற்றர்.

இத்தூரங்கள் பிறேக் பிடித்த பின்னர் செல்லும் தூரங்களே. கண் கண்டு, கால் மிதியை அழுத்துவதற்கு ஒரு செக்கன் செல்லும். அந்த ஒரு செக்கனில் விரைவாகச் செல்லும் வண்டி இன்னும் 8 மீற்றர் முன்னே போய்விடும். எனவே 42 மீற்றருக்கு அப்பால் நிற்கும் ஆளையே அந்த வண்டியால் காப்பாற்ற இயலும்.

நிறுத்தும் தூரம் நீளுவது ஒரு தீங்கு. பெட்டி இயந்திரத்தைத் தள்ளுவது மற்றொரு தீங்கு. முன்னே இயந்திரம் பிடித்து நிற்க, பின்னே பெட்டி முட்டித் தள்ளும். தெரு வளைவிலோ ஈரத்திலோ இது நேர்ந்தால் இயந்திரம் குறுக்கே மடிந்து திரும்பிப் புரளும். பெட்டிக்குப் பிறேக் இருந்தால் அது பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதால் இயந்திரமும் பெட்டியும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

2. நான்கு சில்லு இயந்திரத்தின் பிறேக்

நான்கு சில்லு இயந்திரத்தில் வலப் பின்சில்லுக்கு ஒன்றும் இடப் பின்சில்லுக்கு ஒன்றுமாக இரண்டு மிதிகள் உள்ளன. வயல் மூலையில் சுருக்கமாகத் திருப்புவதற்கு ஒரு மிதியை மட்டும் அழுத்துகிறோம். தெருவில் அவ்வாறு ஒரு மிதி மட்டும் அழுந்தினால் இயந்திரம் ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். இதனைத் தடுக்கவே இரு மிதிகளையும் ஒன்றாகப் பூட்டும் கொளுக்கி ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. வயலை விட்டு வெளியேறும்போது கொளுக்கியைப் பூட்டாமல் தெருவில் ஏறலாகாது. அது முறிந்தோ தொலைந்தோ போயிருப்பின் முதல் வேலையாக அதனைப் போடுவிக்கவேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது.

பழைய இயந்திரங்கள் பலவற்றில் உள்ளது உலர் ட்றம் பிறேக்காகும். அரைவட்டமான இரண்டு பிறேக் சூக்கள் ட்றத்தினுள்ளே விரிந்து, அவற்றின்மேல் ஒட்டிய லைனிங் ட்றத்தை உராய்ந்து பிடிக்கும். லைனிங் தேயத் தேய மிதி ஆழமாக இறங்கும். அவ்வப்போது அதனைச் சரிப்படுத்துதல் வேண்டும். அதற்குரிய முறை பின்வருமாறு:

(அ) சமமான கெட்டித் தரையில் இயந்திரத்தை நிறுத்தி முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் பனங்குற்றியால் அண்டை கொடுக்க. கியரை நடுநிலையில் வைக்க.

(ஆ) பின்புறத்தை ஜக் வைத்து உயர்த்தி அச்சின் கீழ் உறுதியான மரக்கட்டைகளை அடுக்குக. ஜக்கை மட்டும் நம்பி இயந்திரத்தின் கீழே கையையோ தலையையோ நீட்டலாகாது.

(இ) ஒரு பக்கச் சரிப்படுத்தும் திருகைச் சில்லு சுற்றாமல் நிற்கும்வரை இறுக்குக. பின்னர் சில்லு உராய்வின்றிச் சுற்றும்வரை சிறிது சிறிதாகத் தளர்த்துக. மறுபக்கத்தையும் அவ்வாறே செய்க.

(ஈ) இரு மிதிகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, ஒரே அளவு இறங்கியதும் பிடிக்கின்றனவா என்று பார்க்க. மிதி பிடிக்குமுன் இறங்கவேண்டிய அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். உற்பத்தியாளர் தந்த கைநூலில் உள்ள அளவையே பின்பற்றுக.

(உ) பின்னர் வெற்றுத் தரையில் மெதுவாக ஓட்டி, கொளுக்கியைப் பூட்டிய மிதிகளை அழுத்துக. இயந்திரம் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கப் பிறேக் தளர்வு என்று அறிந்து மீண்டும் சரிப்படுத்துக.

தறையாணியால் பொருத்திய லைனிங்காயின், ஆணித்தலை ட்றத்தைத் தொடுமுன்னரே அதனை மாற்றவேண்டும். ஆணி ட்றத்தில் உராய்ந்து வரி விழுத்தினால் ட்றத்தைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோக நேரிடும். அதற்குரிய அளவுக்கு மேலே கடைந்த ட்றம் மெலிந்து வெடிக்கும். லைனிங்கை எப்போதும் இரு பக்கமும் ஒருங்கே மாற்றுக. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாயிருப்பின் இயந்திரம் ஒரு பக்கமே இழுக்கும்.

லைனிங்கில் ஒயில் படிந்திருந்தால் அதனைப் பெற்றோலில் கழுவிப் போடுவது பயனற்றது. ஒயில் உள்ளே ஊறிவிட்டது. ஒழுகும் ஒயில் சீலை முதலில் மாற்றி, அதன் பின் லைனிங்கை மாற்றுதல் வேண்டும். சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுபவர் சில கிழமைகளில் அதே செலவை மீண்டும் செய்வர்.

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசு நெஞ்சில் தங்கிப் பல ஆண்டுகளின் பின் கொடிய நோயை விளைவிக்கும். ஆதலின் ட்றத்தைக் கழற்றியதும் தூசை வாயால் ஊதலாகாது. காற்றுக் குழாயாலும் ஊதலாகாது. ஈரத்துணியால் துடைத்து அத்துணியை ஒரு பையிலிட்டுக் கட்டி ஒதுக்குக. புதிய லைனிங் வாங்கும்போது கல்நார் கலவாததைக் கேட்டு வாங்குக.

புதிய இயந்திரங்கள் பலவற்றில் பிறேக் தட்டுகள் ஒயிலில் மூழ்கிய நிலையில், மூடிய பெட்டிக்குள் அமைந்துள்ளன. நீரும் உப்பும் முருகைக்கல் தூளும் அதனுள் எளிதிற் புகா. வெப்பமும் விரைவில் அகலும். புதிதாகவோ பாவித்ததாகவோ இயந்திரம் வாங்க எண்ணும் தீவகக் கமக்காரர் இவ்வகைப் பிறேக்குள்ளதைத் தெரிவு செய்வது நன்று. ஆயினும் கையிலுள்ள பழைய இயந்திரத்தின் ட்றம் பிறேக்கைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் ஒயில் பிறேக் போட முயல்வது பெரும்பாலும் தகாது. பின்னச்சின் உறைகளையே மாற்ற வேண்டிவரும். அப்பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு பெட்டிக்குப் பிறேக் இட்டால் பயன் அதனிலும் மிகுதி.

3. இருசில்லு இயந்திரத்தில் கவனிக்கவேண்டியவை

இலங்கையரான ரே விஜேவர்தன 1950களில் வடிவமைத்த இருசில்லு இயந்திரம் லாண்ட்மாஸ்டர் என்னும் பெயரோடு இங்கிலாந்திலே செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. அப்பெயரே பின்னர் எந்த நிறுவனத்தின் இருசில்லு இயந்திரத்துக்கும் பொதுப்பெயராக நம் நாட்டில் நிலைத்துவிட்டது. கமக்காரர் பின்னே நடந்து உழுவதற்கான கருவி இது. பெட்டியைக் கொளுவி, அதில் அமர்ந்து, ஆட்களையும் பொருளையும் ஏற்றித் தெருவில் ஓட்டும்போது இதன் தன்மையே மாறுகின்றது.

முதலாவதாக, இயந்திரத்தின் நிறை குறைவு. பாரமேற்றிய பெட்டியோ அதனிலும் பல மடங்கு. பல இருசில்லு இயந்திரங்களில் பிரதான கிளச் கைப்பிடியே பிறேக்காகவும் தொழிற்படுகிறது. சிறிது இழுத்தால் கிளச் விடுபடும். முழுதும் இழுத்தால் உள்ளேயுள்ள பிறேக் பிடிக்கும். வயலில் இது போதும். பின்னாலிருந்து தள்ளும் ஆயிரம் கிலோகிராமுக்கு இது ஈடுகொடாது.

இரண்டாவதாக, திருப்பும் கிளச் இறக்கத்தில் நேர்மாறாக வேலை செய்யும். சமதரையில் இடக் கைப்பிடியை அழுத்தினால் இடச்சில்லு விடுபட, வலச்சில்லு தள்ள, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி தள்ளும்போது இயந்திரம் சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கின்றது. அந்நேரம் இடக் கைப்பிடியை அழுத்தினால் விடுபட்ட இடச்சில்லு விரைந்தோட, இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். நம் தீவுகளிலே இறக்கம் எங்கேயென்று கேட்கலாம். குளக்கட்டிலிருந்து இறங்குமிடம், தாம்போதியிலிருந்து வயல்வெளிக்கு இறங்குமிடம், இறங்குதுறையில் பாதைக்கு இறங்கும் சாய்தளம் ஆகியவையே அவை. இவ்விடங்களில் திருப்பும் கிளச்சைத் தொடாது, குறைந்த கியரில், கைப்பிடிகளை உடல் வலுவால் திருப்பியே செல்லவேண்டும்.

மூன்றாவதாக, நிறுத்தும் ஒழுங்கு முக்கியமானது. முதலில் விசையைக் குறைக்க. அடுத்துப் பெட்டியின் கால்மிதியை அழுத்துக. வேகம் தணிந்த பின்னரே கிளச் கைப்பிடியை இழுக்க. முதலிலேயே கிளச்சை இழுத்தால் இயந்திரத்தின் பிடி விடுபட்டு வண்டி இன்னும் விரையும். இறக்கத்தில் கியரை நடுநிலைக்கு மாற்றி உருளவிடுவது உயிராபத்தானது.

4. பெட்டிக்குப் பிறேக் பொருத்துதல்

பெட்டிக்கான பிறேக் பல வகைப்படும். கம்பியாலோ கேபிளாலோ இயங்கும் ட்றம் பிறேக் ஒன்று. பெட்டி முன்னே முட்டும் விசையைக் கொண்டு தானாகவே பிடிப்பது இன்னொன்று. இயந்திரத்தின் ஒயில் அழுத்தத்தால் இயங்குவது மற்றொன்று. தானாகப் பிடிக்கும் பிறேக் பின்னோக்கிச் செலுத்தும்போதும் பிடித்துக்கொள்ளுமாதலால் அதனைத் தடுக்கும் பூட்டு ஒன்று வேண்டும். ஒயில் பிறேக் மிக நல்லது. எனினும் அதற்கெனச் செய்த வால்வு இல்லாமல், பாரம் தூக்கும் ஒயில் குழாயை நேரே பெட்டியின் பிறேக்கில் தொடுப்பது ஆபத்து. அழுத்தம் ஒரேயடியாகப் பாய்ந்து சில்லுகளை இறுக்கிவிடும். உப்புக்காற்றில் உதிரிப்பாகங்களுக்காகக் கடல் கடக்கவேண்டிய நமக்கு, உள்ளூர்ப் பட்டறையிலேயே திருத்தத்தக்க கம்பிப் பிறேக்கே எளிதில் ஏற்றது.

அதற்கு வேண்டியவை: ட்றத்தோடு கூடிய அச்சு, மிதி அல்லது கைநெம்பு, இழுக்கும் கம்பி, இரு பக்கமும் சமமாகப் பிரிக்கும் தண்டு, மீட்கும் ஸ்பிறிங் ஆகியன. பெட்டி ஒரு பழைய வாகனத்தின் அச்சில் கட்டப்பட்டதாயின் ட்றமும் சூவும் ஏற்கெனவே அதிலிருக்கலாம். பெட்டி கட்டியபோது அவற்றைத் தொடுக்காமல் விட்டிருப்பர். அவ்வாறாயின் வேலை பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

மிதியின் அளவு. நமது கிணற்றடித் துலாவைப் போன்றதே மிதியும். துலாவின் ஒரு கை நீளம், மறுகை குறுகல். சுழலும் ஆணியிலிருந்து பாதம் படும் இடம் 30 சென்ரிமீற்றரும், கம்பி கொளுவும் துளை 6 சென்ரிமீற்றருமாயின், விசை ஐந்து மடங்காகும். காலால் 40 கிலோகிராம் அளவு அழுத்தினால் கம்பி 200 கிலோகிராம் அளவு இழுபடும். ஆனால் கால் 10 சென்ரிமீற்றர் இறங்க, கம்பி 2 சென்ரிமீற்றரே நகரும். ஆகவே துளையை ஆணிக்கு மிகக் கிட்டவாகப் போட்டால் விசை கூடும், நகர்வு போதாது. லைனிங் சிறிது தேய்ந்ததும் மிதி தரையில் முட்டிவிடும். ஐந்து அல்லது ஆறு மடங்கு பொருத்தமான அளவு.

சமன்செய்யும் தண்டு. ஒரே கம்பியால் இரு சில்லுகளையும் இழுக்கும்போது ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரக்கூடும். இதனை நுகத்தடி முறையால் தீர்க்கலாம். நுகத்தின் நடுவில் ஏர்க்காலைப் பிணைத்திருப்பதுபோல, ஒரு தண்டின் நடுவில் மிதியிலிருந்து வரும் கம்பியையும், இரு நுனிகளில் வல, இடப் பிறேக் கம்பிகளையும் கொளுவுக. நடு ஆணி சுழலக்கூடியதாக இருத்தல் அவசியம். ஒரு பக்கம் முந்தினால் தண்டு சரிந்து மறுபக்கத்தையும் சமமாக இழுக்கும். கம்பி நுனிகளில் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பையும் வைக்க.

நான்கு சில்லு இயந்திரத்தின் பெட்டியாயின் சாரதி ஆசனத்திலிருந்து எட்டக்கூடிய கைநெம்பு ஒன்றை அமைத்து, உறையுள்ள கேபிளால் பெட்டிக்குத் தொடுக்கலாம். கேபிள் இயந்திரம் முழுதும் திரும்பும்போது இறுகாதவாறு நீளமாயிருக்கவேண்டும். தளர்ந்து சில்லில் சிக்கவும் கூடாது.

எது முதலில் பிடிப்பது? பெட்டி சிறிது முந்தியும் இயந்திரம் சிறிது பிந்தியும் பிடிப்பதே முறை. அப்போதுதான் இரண்டும் நீட்டிய நிலையில் நிற்கும். ஆனால் வெறும் பெட்டியின் சில்லுகள் மெல்லிய அழுத்தத்திலேயே இறுகிச் சறுக்குமாயின் பிடி அளவுக்கு மிஞ்சியது. கம்பியைச் சிறிது தளர்த்துக.

நிறுத்தி வைத்தல். மிதியையோ நெம்பையோ இழுத்த நிலையில் பூட்டி வைக்கும் பற்சட்டம் ஒன்றும் வைக்கப்படவேண்டும். மூடை ஏற்றி இறக்கும்போது வண்டி உருளாமல் அது காக்கும். எனினும் சில்லுக்கு ஒரு குற்றியையும் வைப்பது வழக்கமாகவேண்டும்.

கொளுவும் ஆணியும் சங்கிலியும். பெட்டியைக் கொளுவும் ஆணிக்குக் கீழே பூட்டுமுள் இல்லாவிடின் ஆணி குலுங்கி வெளியேறும். ஆணிக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியையோ தறித்த இரும்புத் துண்டையோ இடலாகாது. ஆணி நழுவினாலும் பெட்டி தனியே ஓடாமலிருக்கச் சங்கிலி ஒன்றையும் இயந்திரத்தின் சட்டத்தோடு பிணைக்க.

வெல்டிங் வேலை கம்பி தாங்கிகளுக்கும் மிதித் தாங்கிக்குமே உரியது. விரிந்த ட்றத்தையோ வெடித்த அச்சையோ வெல்டிங் செய்து பாவிக்கலாகாது. பெருமாற்றம் செய்யுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கமக்காரரின் வண்டிக்கும் உரியதே.

5. உப்பும் நீரும் செய்யும் கேடு

தீவகத்தில் பிறேக் கெடுவதற்குத் தேய்வு மட்டும் காரணமன்று, கடலும் காரணம். காலபோக உழவு முடிந்ததும் இயந்திரம் பல கிழமைகள் கொட்டிலில் நிற்கின்றது. உப்புக்காற்றில் ட்றத்தின் உட்புறம் துருப்பிடித்து, லைனிங் அதனோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த பருவத்தில் இழுக்கும்போது லைனிங் பெயர்ந்து விழும். ஆதலின் நெடுங்காலம் நிறுத்தும்போது கைப்பிறேக்கை இழுத்து விடாமல், சில்லுகளுக்குக் குற்றி வைத்து நிறுத்துக. இரு கிழமைக்கு ஒரு முறை வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, இரண்டு மூன்று தடவை பிறேக்கை அழுத்துக.

மாரியில் நீர் தேங்கிய வயலிலும் தரவையிலும் சென்று வந்தபின் உலர் ட்றம் பிறேக் பிடிக்காது. லைனிங்குக்கும் ட்றத்துக்குமிடையே நீர்ப்படலம் நிற்பதே காரணம். தெருவில் ஏறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே மிதியை இலேசாகப் பல தடவை அழுத்துக. உராய்வின் வெப்பத்தால் நீர் உலர்ந்து பிடிப்பு மீளும். அது மீண்டதை உணர்ந்த பின்னரே வேகத்தைக் கூட்டுக.

கடல்நீர் பட்ட இயந்திரத்தையும் பெட்டியையும் அன்றைக்கே நன்னீரால் கழுவுதல் வேண்டும். நம் கிணறுகள் பல கோடையில் உவர்ப்பாகிவிடுகின்றன. உவர்நீரால் கழுவுவதால் உப்பு நீங்காது. மழைநீரைச் சேமித்து வைத்திருப்போர் ஓரிரு வாளியைப் பிறேக்குக்கும் ஒதுக்கிக்கொள்வாராயின் அது வீணாகாது. கழுவி உலர்ந்தபின் மிதியின் ஆணி, நுகத்தண்டின் ஆணி, கம்பியின் திருகுகள் ஆகியவற்றில் கிறீஸ் பூசுக. லைனிங்கிலும் ட்றத்தின் உட்புறத்திலும் கிறீஸோ ஒயிலோ ஒரு துளியும் படலாகாது.

பிறேக் ஒயிலால் இயங்கும் அமைப்பாயின் அவ்வொயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதை அறிக. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனை முழுதும் மாற்றுக. திறந்து வைத்த போத்தலில் மிஞ்சியதைப் பின்னர் பாவிக்கலாகாது. பிறேக் ஒயில் குறையும்போது இயந்திர ஒயிலை ஊற்றினால் இறப்பர்ச் சீல்கள் ஊதிக் கெட்டுப் பிறேக் முழுதும் அற்றுப்போகும். ஒயிலில் மூழ்கிய பிறேக்குள்ள இயந்திரத்தில், கியர்ப்பெட்டி ஒயில் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்ததென்று அறிந்து உடனே மாற்றுக.

6. பிறேக்கைச் சோதித்தல்

பிறேக் நல்லதா என்பதை மிதியின் இறுக்கத்தைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. அளந்து பார்ப்பதே வழி. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை.

ஆளரவமற்ற, கெட்டியான, உலர்ந்த சமதரையில் 20 மீற்றர் இடைவெளியில் இரு கம்புகளை ஊன்றுக. வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வண்டியை ஓட்டி, முதற் கம்பிலிருந்து இரண்டாவது கம்புக்குச் செல்ல 5 செக்கன் பிடிக்குமாறு வேகத்தை அமைக்க. அதுவே செக்கனுக்கு 4 மீற்றர் வேகமாகும். முன்சில்லு இரண்டாவது கம்பைத் தாண்டும்போது பிறேக்கை அழுத்துக. வண்டி நின்றபின் கம்பிலிருந்து முன்சில்லுவரை அளக்க. சோதனையின்போது பெட்டியில் ஆட்கள் இருத்தலாகாது. பார்ப்போர் பக்கத்தே விலகி நிற்கவேண்டும்.

4 மீற்றருக்குள் நின்றால் பிறேக் நன்று. 4 முதல் 6 மீற்றர் ஆயின் சரிப்படுத்தவேண்டும். 6 மீற்றருக்கு மேலாயின் பழுதுபார்க்கும்வரை பாரம் ஏற்றித் தெருவில் செல்லலாகாது.

தரையில் பதிந்த சில்லுத் தடங்களையும் பார்க்க. ஒரு சில்லு மட்டும் சறுக்கியிருந்தால் இரு பக்கமும் சமமில்லை. ஒரு கிலோமீற்றர் ஓட்டியபின் ட்றங்களுக்கு அருகே புறங்கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிடுக. மிதியைத் தொடாமலே ஒன்று சுட்டால் சூ ட்றத்தில் உராய்ந்துகொண்டிருக்கின்றது என்பது பொருள். இச்சோதனையை ஆவணியில் உழவு தொடங்குமுன் ஒரு முறையும், தையில் அறுவடை ஏற்றுமுன் ஒரு முறையும் செய்தல் நன்று. அளந்த தூரத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் பிறேக் எவ்வளவு தளர்ந்து வருகின்றது என்பது தெளிவாகத் தெரியும்.

7. தாம்போதியிலும் இறங்குதுறையிலும்

பண்ணைத் தாம்போதியிலும், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையேயுள்ள தாம்போதியிலும் பக்கக்காற்று பலமாக வீசும். வைக்கோல் உயரமாக ஏற்றிய பெட்டியைக் காற்று தள்ளும்போது திடீரெனப் பிறேக் அழுத்துவது வண்டியைப் புரட்டும். உயரத்தைக் குறைத்து, மெதுவாக, முன்செல்லும் வண்டிக்கு நீண்ட இடைவெளி விட்டுச் செல்லுக.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இயந்திரம் கடல் வழியாகவே செல்லவேண்டும். பாதையிலோ பாரப்படகிலோ ஏற்றுமுன் பெட்டியைக் கழற்றித் தனியாக ஏற்றுக. சாய்தளம் பாசியும் ஈரமுமாயிருப்பின் மணல் தூவிய பின்னரே சில்லை வைக்க. மிகக் குறைந்த கியரில் இறங்குக. சாய்தளத்தில் கியர் மாற்றலாகாது. இயந்திரத்தின் முன்னே கடற்பக்கமாக ஒருவரும் நிற்கலாகாது. ஏற்றியபின் கைப்பிறேக்கை இழுத்து, எல்லாச் சில்லுகளுக்கும் இருபுறமும் குற்றி வைத்து, கயிற்றால் பிணைக்க. அலையில் படகு சாயும்போது பிறேக்கை மட்டும் நம்புவது போதாது.

பெட்டியில் ஆட்கள் செல்வதைப் பற்றியும் கூறவேண்டும். களை பிடுங்கவும் நாற்று நடவும் செல்லும் பெண்களும், அவர்களோடு செல்லும் பிள்ளைகளும் மூடைகளின்மேலும் பெட்டியின் ஓரத்திலும் அமர்ந்து செல்வதைக் காண்கிறோம். வண்டி சடுதியாக நிற்கும்போது முதலில் விழுபவர் இவர்களே. விழுமிடம் பெட்டிச் சில்லின் முன்னே. நல்ல பிறேக் வண்டியை நிறுத்துமேயன்றி ஓரத்தில் அமர்ந்தவரைப் பிடித்துவைக்காது. ஆட்களை வேறு வகையில் அனுப்புவதே முறை.

8. சுருக்கம்

1. தெருவில் ஏறுமுன் இரு மிதிகளையும் கொளுக்கியால் பூட்டுக.

2. வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்கு என்பதை மறவாதீர்.

3. பெட்டிக்கு இரு சில்லிலும் பிறேக் இடுக. நுகத்தண்டால் சமன் செய்க.

4. லைனிங்கை இரு பக்கமும் ஒருங்கே மாற்றுக, தூசை ஊதாதீர்.

5. நீரில் சென்று வந்ததும் பிறேக்கை உலர்த்திய பின்னரே விரைவாகச் செல்லுக.

6. கடல்நீர் பட்டால் அன்றைக்கே நன்னீரால் கழுவுக.

7. இறக்கத்தில் கியரை விடுவிக்காதீர். இருசில்லு இயந்திரத்தில் திருப்பும் கிளச்சைத் தொடாதீர்.

8. ஆண்டுக்கு இரு முறை அளந்து சோதிக்க.

நூறு மூடை விளைவித்தவருக்கும் அவற்றைப் பத்திரமாக வீடு சேர்த்த பின்னரே விளைவு கைக்கு வந்ததாகும். இயந்திரம் வாங்கச் செலவிட்ட பணத்தோடு ஒப்பிட்டால் பெட்டிப் பிறேக்குக்கு ஆகும் செலவு சிறு தொகையே. அயலிலுள்ள கமக்காரர் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரே பட்டறையில் ஒரே அளவில் இவற்றைச் செய்வித்தால் செலவு இன்னும் குறையும். ஒருவருடைய உதிரிப்பாகம் மற்றவருக்கும் உதவும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்டறிந்துகொள்வாராக.